ரவாங் வேனில் தொடங்கியது

என் கணவரின் அக்கா கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் இறந்தபோது அவருக்கு நாற்பத்தொன்பது வயது. அண்ணி என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். ஒரு வருஷத்துக்கு மேலாக இரத்தப்போக்கு இருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. வாரத்தில் மூன்று நாள் என் வீட்டுக்கு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கியவர், என்னிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் சின்னச் சிகிச்சையோடு முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். மற்றவர்கள் அழுதார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

நாங்கள் பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு வெளியே ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறோம். எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களை இடித்தபோது எங்களுக்குக் கிடைத்த வரிசை வீடுகள். பக்கத்து வீட்டுக்காரர் லயத்திலும் பக்கத்து வீட்டுக்காரராகவே இருந்தவர். எனக்கு வேலை ரவாங்கில், பிளாஸ்டிக் சாமான் செய்யும் ஒரு தொழிற்சாலையில். வார்ப்பிலிருந்து வரும் மூடிகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது. காலை ஐந்தரைக்கு வேன் வரும். பதினொரு பெண்கள் அதில் போவோம்.

அண்ணி இறந்த சில மாதங்களில், பிரஷர் மாத்திரை வாங்கக் கிளினிக்குக்குப் போனேன். அங்கே நர்ஸாக இருந்த மிஸி மலாய்க்காரர். எங்கள் ஆட்களோடு பழகிப் பழகி அவருக்குத் தமிழ் பாதி புரியும். என் வயதைப் பார்த்துவிட்டு, ஒரு நீளமான பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். உள்ளே மெல்லிய குச்சி ஒன்று, நுனியில் மெத்தென்ற பூச்சு, அதைப் போட்டு மூட ஒரு சிறு குழாய். இனிமேல் டாக்டர் முன்னால் படுக்க வேண்டியதில்லை, பாத்ரூமுக்குள் போய் நீயே எடுத்துக் கொடுத்துவிடலாம், முடிவு சில வாரத்தில் வந்துவிடும் என்றார். முப்பது வயது தாண்டிய எல்லோரும் செய்யலாமாம். அண்ணிக்கு வந்த நோயை, அது நோயாக மாறும் முன்பே காட்டிக் கொடுத்துவிடுமாம்.

நான் அங்கேயே செய்தேன். பாத்ரூம் கதவைச் சாத்தித் திறப்பதற்குள் ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. கை கழுவும்போது கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த ஐந்து நிமிஷம் இருப்பது தெரியாமல்தான் அண்ணி போய்விட்டார். வெளியே வந்ததும் மிஸியிடம், இதை எங்கள் பெண்கள் எல்லோருக்கும் சொல்லப் போகிறேன் என்றேன். அவர் சிரித்தார். சொல்வது சுலபம் என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அப்போது இருந்த கணக்கு நேரானது. எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்தவர் யார்? கோயில் தலைவரின் மனைவி. தலைவரம்மா என்போம். எந்தத் தோட்டத்தில் யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் வீட்டில் யார் கோபித்துக்கொண்டு போனார்கள், எல்லாம் அவருக்குத் தெரியும். காலையில் அவர் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் கோலா சிலாங்கூர் போய்விடும். அவரைப் பிடித்தால் போதும், ஒரே மாதத்தில் எல்லாத் தோட்டமும் வந்துவிடும் என்று நினைத்தேன்.

தலைவர் மறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் பெண்களை மட்டும் உட்கார வைத்தோம். நாற்காலி போதாமல் பாய் விரித்தோம். மிஸி படம் காட்டி விளக்கினார். நான் தமிழில் சொன்னேன். எனக்கு மைக்கில் பேசிப் பழக்கமில்லை. அண்ணியைப் பற்றிச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. முன்வரிசையில் பல பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். தலைவரம்மா நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை.

வாசல் பக்கம் ஒரு மேசையில் பாக்கெட்டுகளை அடுக்கி வைத்திருந்தோம். கூட்டம் வடையும் தேநீரும் வாங்கிக்கொண்டு மேசையைச் சுற்றிக்கொண்டு போனது. நானும் மிஸியும் நாற்காலிகளை மடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது மூன்று பாக்கெட்டுகள் குறைந்திருந்தன. அந்த மூன்றில் இரண்டை, ஓரிரு நாளில், பிரிக்காமலே யாரோ கிளினிக் கவுண்டரில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்று மட்டும் ஒழுங்காகத் திரும்பி வந்தது. யாருடையது என்று மிஸி சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

ஆனால் சேதி மட்டும் பறந்தது. மூன்றாம் நாள் மார்க்கெட்டில், தஞ்சோங் காராங் பக்கத்திலிருந்து வந்த முன்பின் தெரியாத ஒரு பெண் என்னைப் பார்த்து, அந்தக் குச்சி விஷயம் பேசினது நீங்கள்தானே என்று கேட்டார். கோலா சிலாங்கூரிலிருந்து என் சித்தி மகள் போன் பண்ணிச் சிரித்தாள். வாரம் முடிவதற்குள் எனக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது, குச்சிக்காரி என்று. எல்லோருக்கும் தெரிந்தது. அந்த ஒருவரைத் தவிர யாரும் செய்யவில்லை. கேட்பதற்கும் செய்வதற்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

பட்டப்பெயர் என் கணவர் காதுக்கும் எட்டியது. அவர் லோரி ஓட்டுகிறவர், கடையில் எவனோ சொல்லியிருக்கிறான். விட்டுவிடு என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சாப்பிட்டு எழுந்து கை கழுவிவிட்டு வந்து சொன்னார்:

"கூப்பிட்டா கூப்பிட்டுப் போறாங்க. எங்க அக்கா போனதுக்கு நீ ஒருத்திதான் கோபப்பட்ட. விடாத."

அடுத்த வாரம் ஒரு புதன்கிழமை காலை, வேனில் என் பக்கத்தில் எப்போதும் உட்காருகிறவள், தங்கச்சி என்றே நான் கூப்பிடுகிறவள், என் கையைத் தொட்டாள். மூன்று பிள்ளைகளின் தாய். இன்னும் தோட்டத்து லயத்திலேயே இருப்பவள். கணவன் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறான். வலிக்குமா என்று கேட்டாள், எஞ்சின் சத்தத்தில் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அன்றைக்கு மண்டபத்தில் ஏன் கேட்கவில்லை என்றேன். பக்கத்து நாற்காலியில் மாமியார் உட்கார்ந்திருந்தாராம்.

மறுநாள் சோற்று டப்பாவோடு ஒரு பாக்கெட்டும் கொண்டுபோனேன். தேநீர் இடைவேளையில் தொழிற்சாலைக் கழிவறைக்குள் அவள் போனாள். நான் வெளியே காவல் நின்றேன். உள்ளே தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது, நின்றது. கதவைத் திறந்தவள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அவ்வளவுதானாக்கா? இதுக்கா ஊரே இப்படிப் பயப்படுது? காது குடையறத விட லேசு லா."

அதற்கு அடுத்த நாள் வேனில் நாங்கள் இரண்டு பேரும் வெளிப்படையாகவே பேசினோம். முன் சீட்டில் இருந்த ஓர் அக்கா திரும்பாமலே கேட்டுக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை, எனக்கும் ஒன்று கொண்டு வா என்றார். இவர் மண்டபத்துக்கு வந்து அழுதவர்களில் ஒருவர். அன்றைக்கு எடுக்காமல் இன்றைக்கு ஏன் என்று கேட்டேன். குத்திக் காட்டக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"நீ ஒருத்தி செஞ்சப்ப அது உன் கத. அண்ணி போன கோபத்தில செஞ்சிட்டன்னு நெனச்சேன். இவளும் செஞ்சிட்டான்னதும்தான், நம்ம மாதிரி ஆளுங்களும் செய்யலாம்னு பட்டுச்சு."

அந்த வார்த்தையை நான் அன்று முழுக்க, மூடிகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே, மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். மைக்கில் அழுதபோது நான் ஒரு கதை. இவள் சிரித்ததும் அது ஒரு சாதாரண வேலை ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. மூன்று பேர் நான்கானோம். நான்கு பேர் ஏழானோம். மாதம் முடிவதற்குள் பதினொரு பேரில் பத்துப் பேர் கொடுத்துவிட்டோம். மிச்சமிருந்த ஒருத்திக்கு இருபத்தாறு வயதுதான். உனக்கு இப்போது வேண்டியதில்லை என்று மிஸி சொல்லி அனுப்பியதும் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் மட்டும் என்ன இளப்பமா என்று இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. முதல் வாரம் யாரும் தொட மறுத்த பொருள், கிடைக்கவில்லையே என்று கோபித்துக்கொள்கிற பொருளாகிவிட்டது. வேன் ஓட்டும் அண்ணனுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. அப்படி என்ன சிரிப்பு என்று கேட்டார். நாங்கள் சொல்லவில்லை.

வேனில் வருபவர்கள் எல்லோரும் ஒரே இடத்துக்காரர்கள் அல்ல. எங்கள் தாமானில் ஐந்து பேர். தங்கச்சியின் லயத்தில் அவளோடு சேர்த்து ஐந்து பேர், இளையவளும் அங்கேதான். ஆற்றுப் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர், ஒரே ஒருவர். தாமானிலும் தங்கச்சியின் லயத்திலும் சேதி தானாக ஓடியது. அவளுடைய மாமியார் முதலில் முறைத்தார். மூன்றாவது வாரம் அவரே கிளினிக்குக்குப் போய்க் கேட்டு வாங்கினார். ஆற்றுப் பக்கத்துத் தோட்டத்தில் ஒன்றும் நடக்கவில்லை. அங்கிருந்து வரும் அக்கா எங்கள் வேனிலேயே பெரிய வாயாடி. அவர் சொல்லி ஒருத்திகூடக் கேட்கவில்லை. கேலி செய்தார்கள். கொஞ்ச நாளில் அவர் இந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

அவர் சரியாகச் சொல்லவில்லை என்று முதலில் நான் தப்பாக நினைத்தேன். ஒரு ஞாயிறு மத்தியானம் பழைய நாள்காட்டித் தாளைப் புரட்டிப் போட்டு, எனக்குத் தெரிந்த பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம் போட்டேன். யார் யார் வீட்டுக்குக் கருவேப்பிலை கேட்டுப் போவார்கள், யார் யாரோடு கோயிலில் உட்காருவார்கள் என்று வட்டத்துக்கு வட்டம் கோடு இழுத்தேன். பரிசோதனைக்குக் கொடுத்தவர்களின் வட்டத்துக்கு மஞ்சள் தடவினேன். நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள். ஆனால் அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கே விளங்கியது. தங்கச்சியின் லயத்தில் எந்தப் பெண்ணை எடுத்தாலும் அவளைச் சுற்றி இரண்டு மூன்று மஞ்சள் இருந்தது. ஆற்றுப் பக்கத்தில் எல்லோரும் ஒருவரோடொருவர் நெருக்கம். அத்தனை பேருக்கும் நடுவில் மஞ்சள் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒரு அக்கா பேசிவிட்டுப் போனதும், மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து அதை அழித்துவிடுவார்கள்.

சளி என்றால் ஒருத்தர் தும்மினால் போதும், ஒட்டிக்கொள்ளும். ஊர்ப்பேச்சும் அப்படித்தான். இது அப்படி ஒட்டுகிற விஷயமல்ல. கூச்சமும் பயமும் உள்ள காரியத்துக்கு ஒரு ஆள் சாட்சி போதாது. இரண்டு பேர், மூன்று பேர், அதுவும் தன்னைப் போன்ற ஆட்கள் செய்திருக்க வேண்டும். தாளை மிஸியிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பிறகு அதைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

எங்கள் தாமானில் இரண்டு பெண்களுக்குத் தங்கைகள் ஆற்றுப் பக்கத்துத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தார்கள். அங்கே ஆடி மாதக் கூழ் ஊற்றும் நாள் வந்தது. அந்த இரண்டு பேரையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போனேன். ஆளுக்கு ஒரு பக்கம் பிரிந்து போனால் லயம் முழுக்கச் சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். தங்கச்சி வேண்டாம் என்றாள்.

"பிரிஞ்சா மறுபடியும் ஒத்த ஆளுதான்க்கா. நாலு பேரும் ஒரே எடத்தில உக்காருவோம். மிச்சத்த அவங்க பாத்துக்குவாங்க."

அவள் சொன்னபடியே, வாயாடி அக்கா வீட்டு முன்னால் எல்லோரும் கூழ்ப் பாத்திரத்தோடு உட்கார்ந்தோம். லயத்தின் அந்தக் கோடியில் ஆறு வீடுகள். ஆறு வீட்டுப் பெண்களும் எங்களோடுதான் குடித்தார்கள். யாரும் பிரசங்கம் செய்யவில்லை. பிள்ளைகள் படிப்பு, சம்பந்தி சண்டை, இடையில் இது. ஒருத்தி கேலியாக ஆரம்பித்தாள். இந்தப் பக்கமிருந்து தங்கச்சி சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள், அந்தப் பக்கமிருந்து இன்னொருத்தி, பிறகு அந்த வீட்டு அக்கா. இப்போது கேலி செய்தவள்தான் ஒற்றை ஆளாகிவிட்டாள். அன்று நாங்கள் கிளம்பும்போது ஆறு வீட்டிலும் பாக்கெட் இருந்தது. வேனில் வரும் அக்கா எங்களை வழியனுப்ப செம்பனை மரங்கள் வரைக்கும் நடந்து வந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார். அடுத்த வாரம் லயத்தின் மறுகோடியிலிருந்து, எங்களுக்கு மட்டும் ஏன் கொடுக்கவில்லை என்று சண்டைக்கு வந்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் தலைவரம்மா ஆள் அனுப்பினார். கோயில் மண்டபத்தில் அவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்ததிலிருந்து, அவருக்கு இதில் பிடித்தமில்லை என்றே நான் நினைத்திருந்தேன். திட்டுவதற்குத்தான் கூப்பிடுகிறார் என்று தயாராகவே போனேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. மைலோ கலந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு மேசையிலிருந்து போன மூணுல ஒண்ணு நான் எடுத்தது," என்றார்.

ஒழுங்காகத் திரும்பி வந்த அந்த ஒன்று. முடிவு வந்தபோது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். கிள்ளானில் இருக்கும் மகளைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, தனியாகவே போயிருக்கிறார். புற்றாக மாறுவதற்கு முந்தைய கட்டம். மாறத் தொடங்கியிருந்த சதையை எடுத்துவிட்டார்கள். அடுத்த சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. இத்தனையும் அவருடைய கணவருக்குக்கூடத் தெரியாது. ஊரெல்லாம் தெரிந்தவர், ஆஸ்பத்திரி நாற்காலியில் துணைக்கு ஆளில்லாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கடுமையான கேள்வி என்று தோன்றியது. அவர் கோபப்படவில்லை.

"உனக்குச் சொல்றதுக்கு ஒரு வேன் இருந்துச்சும்மா. பதினொரு பேரு, எல்லாம் ஒன்னப் போல. நான் வாயத் தொறந்தா நாலு தோட்டத்துக்குக் கேக்கும். தலைவர் பொண்டாட்டிக்கு அந்த வியாதியாம்னு பேச ஆரம்பிச்சா நான் எங்க போய் நிக்கிறது? எல்லாரும் பாக்கற எடத்தில இருக்கறவ மொத ஆளா எறங்க முடியாது."

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இப்போது இத்தனை பேர் செய்துவிட்டார்கள், இனிமேல் பயமில்லை, நான் சொல்கிறேன் என்றார். சொன்னார். வெள்ளிக்கிழமை கோயிலில் மாலை கட்டும் பெண்களிடம், பூத் தொடுத்துக்கொண்டே, தனக்கு வந்ததையும் எடுத்ததையும் ஒளிக்காமல் சொன்னார். அதற்கு முன்னாலேயே தன் கணவரிடம் சொல்லிவிட்டிருந்தார். தலைவர் அன்று கோயில் வாசலில் நின்றுகொண்டு, வந்தவர்களிடமெல்லாம் காரணமில்லாமல் பேசிக்கொண்டிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் ஒரு வருஷம் முன்னால் எதிர்பார்த்த வேகம் அப்போதுதான் வந்தது. அவர் வாயிலிருந்து கிளம்பிய சேதி போன இடமெல்லாம், அதை வாங்கிக்கொள்ள ஏற்கெனவே இரண்டு மூன்று பேர் தயாராக இருந்தார்கள். மிஸி கோலா சிலாங்கூருக்குப் போன் பண்ணி, இன்னும் பாக்கெட் அனுப்புங்கள் என்று இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

வடக்கே சபாக் பக்கம் மட்டும் எங்களுக்குக் கோடே இல்லாமல் இருந்தது. என் தாளில் அந்த மூலை வெறுமையாகவே கிடந்தது. தங்கச்சியின் உடன்பிறந்தவள் ஒருத்தி சபாக்குக்கு அருகில் ஒரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டு, அப்போது ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தாள். வளைகாப்புக்குப் பெண் வீட்டார் போக வேண்டும். தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் வேன் அண்ணனைப் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை காலை, ரவாங்குக்குப் போகும் அதே வேனில், அதே பெண்கள் பட்டுப்புடவையோடு ஏறினோம். இளையவளுக்கு அன்று ஓவர்டைம். அவள் இடத்தில் தலைவரம்மா உட்கார்ந்தார். மிஸி முன்கூட்டியே அந்தப் பக்கத்துக் கிளினிக்கில் சொல்லி வைத்து, ஒரு பெட்டி நிறையக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

அங்கே போனதும் நாங்கள் நேராகச் சமையல் நடக்கும் கூடாரத்துக்குள் நுழைந்து, வெங்காயம் உரிக்க உட்கார்ந்தோம். விருந்தாளி வேலை செய்யக் கூடாது என்று அவர்கள் தடுத்தார்கள். நாங்கள் கேட்கவில்லை. எலுமிச்சை சாதம், புளி சாதம் என்று ஐந்து வகை கிளற வேண்டும், கை போதாது என்று அவர்களுக்கும் தெரியும். அந்தத் தோட்டத்துப் பெண்கள் இருபது பேர் இருப்பார்கள். பேச்சு எப்படித் தொடங்கியது என்று நினைவில்லை. யாரோ தலைவரம்மாவிடம் உடம்பு இளைத்தாற்போல இருக்கிறதே என்று கேட்டார்கள் என்று நினைக்கிறேன். அவர் மறைக்காமல் சொல்லத் தொடங்கினார்.

பாதியில் கர்ப்பிணிப் பெண்ணின் மாமியார் அகப்பையோடு வந்து நின்றார்.

"நல்ல காரியம் நடக்கிற எடத்தில வியாதிப் பேச்சு எதுக்கு?" என்றார்.

இவர் ஒருவர் வேண்டாமென்றால் அந்த இருபது பேரும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் தலைவரம்மா பதில் சொன்னார். உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டுவிட்டு, நிமிர்ந்து பார்த்து, நிதானமாக.

"பொறக்கப் போற பிள்ளைக்குப் பாட்டி வேணுமில்ல, அதுக்குத்தான்."

மாமியார் அவரையே பார்த்தார். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். வந்தவங்களில் எத்தனை பேர் இதைச் செஞ்சிருக்கீங்க என்று கேட்டார். தங்கச்சி கையைத் தூக்கினாள். நான் தூக்கினேன். முன் சீட்டு அக்கா, வாயாடி அக்கா, தலைவரம்மா. ஈரக் கை, மஞ்சள் பட்ட கை, கத்தி பிடித்த கை. பதினொரு பேரின் கையும் மேலே இருந்தது. அந்தத் தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அத்தன பேருமா?"

அத்தனை பேரும்தான் என்றோம். மாமியார் அகப்பையை அண்டாவின் மேல் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். வளையல் போட்டு முடியட்டும், பிறகு எனக்கு ஒன்று எடுத்து வை என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கூடாரத்துக்குள் எழுந்த சத்தத்தில் யார் என்ன கேட்டார்கள், யார் பதில் சொன்னார்கள் என்றே தெரியவில்லை. சாப்பாடு முடிந்தபோது பெட்டியில் ஒன்றுகூட மிச்சமில்லை. கிடைக்காத நான்கு பேர் தங்கள் போன் எண்ணைத் தங்கச்சியின் உள்ளங்கையில் எழுதிக் கொடுத்தார்கள்.

திரும்பும்போது வேனில் ஒருவரும் உட்கார்ந்தபடி வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். செகிஞ்சான் வயல்கள் இரண்டு பக்கமும் ஓடின, நாங்கள் பாட்டும் கைதட்டலுமாக வந்தோம். கோலா சிலாங்கூரில் நிறுத்தி எல்லோருக்கும் மீ கோரெங் வாங்கினார் வேன் அண்ணன், யாரும் கேட்காமலே. தன் மனைவிக்கு ஒன்று கிடைக்குமா என்று அப்போது மெதுவாகக் கேட்டார். இத்தனை நாளும் அவருக்கு எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அந்த வருஷத்துக்குள் இன்னும் இரண்டு பெண்களுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்தது. ஒருத்தி எங்கள் தாமான், ஒருத்தி சபாக் பக்கம். இரண்டு பேரும் சிகிச்சை முடிந்து வேலைக்குப் போகிறார்கள். தாமானில் இருப்பவளோடு ஆஸ்பத்திரிக்கு நாங்கள் ஆறு பேர் போனோம். இத்தனை பேர் எதற்கு என்று நர்ஸ் விரட்டினார். நாங்கள் நகரவில்லை.

போன மாதம் கோலா சிலாங்கூர் பஸ் நிலையத்தில் கிள்ளான் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், முன்பின் பார்த்ததில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று தொடங்கி, எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று பேச்சு வளர்ந்தது. பிறகு கொஞ்சம் நெருங்கி வந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள், கிளினிக்கில் ஒரு புது டெஸ்ட் இருக்கிறதே, செய்துவிட்டீர்களா என்று. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லத் தொடங்கிவிட்டாள். டாக்டர் யாரும் தொட மாட்டார்கள், நாமே எடுத்துக் கொடுக்கலாம், எங்கள் வரிசையில் எல்லோரும் செய்துவிட்டோம், ஒன்றும் பயமில்லை அக்கா, வேண்டுமானால் நானே கூட வருகிறேன் என்றாள்.

யார் சொல்லி அவளுக்குத் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. பஸ் வந்து நின்றது. ஏறி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் சொல்லி முடிக்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டே போனேன்.